லைவ் வட்டில் நெட்வொர்க் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சொந்தமாக லினக்ஸ் லைவ் வட்டு (நிறுவாமலே நேராகப் பூட் செய்து ஓட்டும் வட்டு) தயாரிப்பவர்கள் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் நெட்வொர்க்தான். வட்டு பூட் ஆகும், டெஸ்க்டாப் வரும், எழுத்துரு எல்லாம் ஒழுங்காக இருக்கும், இணையம் மட்டும் இருக்காது. லைவ் வட்டைக் கையில் எடுப்பவர் பல நேரம் ஒரு நெருக்கடியில் இருப்பார். ஹார்ட் டிஸ்க் படுத்திருக்கும், உள்ளே இருக்கும் கோப்புகளை வேறெங்காவது ஏற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நெட்வொர்க் இல்லாத வட்டு அவருக்குப் பாதி உதவிதான். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் மெனக்கெடுவது தகும் என்று நினைக்கிறேன்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். நிறுவப்பட்ட லினக்ஸுக்குத் தன் கணினி பழக்கமானது. லைவ் வட்டோ ஒவ்வொரு கணினியையும் முதன்முறையாகப் பார்க்கிறது. ஆகவே பிழை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வட்டைத் தயாரித்த கணினியில் இருந்த ஏதோ ஒன்று வட்டுக்குள் வரவில்லை, அல்லது தயாரித்த கணினிக்கு மட்டுமே பொருந்தும் ஏதோ ஒன்று வட்டுக்குள் தங்கிவிட்டது. இந்த இரண்டையும் மறைப்பது சிஹெச்ரூட், அதாவது வட்டுக்குள் போகவிருக்கும் அமைப்பை ஓர் அடைவில் வைத்து அதற்குள் நுழைந்து வேலை செய்யும் முறை. சிஹெச்ரூட்டுக்குள் இருக்கும்போது நீங்கள் பயன்படுத்துவது வெளியே ஓடும் கணினியின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதன் டிரைவர், அதன் ஐபி முகவரி. உள்ளே 'ஆப்ட்' தொகுப்புகளை இறக்குகிறது என்பதால் வட்டில் நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று ஆகாது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள்.

எங்கே அறுந்திருக்கிறது?

லைவ் வட்டில் பூட் செய்து டெர்மினலைத் திறந்து, இந்த வரிசையிலேயே பாருங்கள். 'ஐபி லிங்க்' கொடுத்தால் 'லோ' (கணினி தன்னோடு தானே பேசும் உள் இடைமுகம்) தவிர வேறு இடைமுகம் தெரிகிறதா? 'ஐபி அட்ரஸ்' கொடுத்தால் அதற்கு முகவரி இருக்கிறதா? 'ஐபி ரூட்' காட்டும் வெளியீட்டில், 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் உள்ள ரவுட்டருக்கு பிங் போகிறதா? 1.1.1.1 அல்லது 8.8.8.8க்குப் போகிறதா? கடைசியாக, ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் போகிறதா? முதலில் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வருகிறதோ அங்கேதான் வேலை. அதற்குக் கீழே உள்ளதைத் தொட வேண்டாம். முகவரியே வராத கணினியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு பிழை இரண்டாகும்.

அறிகுறி: 'லோ' தவிர எதுவும் தெரியவில்லை

கார்டைக் கர்னல் கண்டிருக்கலாம், ஆனால் டிரைவர் ஏறவில்லை. 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுத்து நெட்வொர்க் கார்டுக்கான பகுதியைப் பாருங்கள். 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, கர்னலும் மாட்யூல்களும் (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்) வெவ்வேறு பதிப்பாக இருப்பது. இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிஹெச்ரூட்டுக்குள் எல்லாத் தொகுப்புகளையும் புதுப்பிக்கிறீர்கள். அதில் புதுக் கர்னல் ஒன்றும் வந்து உட்கார்கிறது, பழையதை 'ஆட்டோரிமூவ்' துடைத்துவிடுகிறது. வட்டின் கோப்புகள் எல்லாம் சுருக்கி வைக்கப்படும் ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமத்தைப் புதிதாகக் கட்டுகிறீர்கள். ஆனால் ஐஎஸ்ஓவின் 'லைவ்' அல்லது 'கேஸ்பர்' அடைவில் இருக்கும் 'விஎம்லினஸ்' என்ற கர்னல் கோப்பு பழையதாகவே இருக்கிறது. பூட் ஆவது அந்தப் பழைய கர்னல்தான். யுஎஸ்பி, ஸ்குவாஷ்எஃப்எஸ், ஓவர்லே ஆகியவற்றுக்கான மாட்யூல்கள், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் பழைய இனிட்ஆர்டி கோப்புக்குள்ளேயே இருப்பதால் பூட் சுகமாக முடிந்துவிடும், திரையும் வந்துவிடும். அப்புறம் நெட்வொர்க் மாட்யூலைத் தேடி உண்மையான அடைவுக்குப் போகும்போதுதான் கர்னலுக்குத் தன் பதிப்பின் பெயரில் அங்கே எதுவும் இல்லை என்று தெரிகிறது.

'யூநேம் -ஆர்' கொடுத்துப் பாருங்கள். பிறகு 'லிப்' அடைவுக்குள் இருக்கும் 'மாட்யூல்ஸ்' அடைவைப் பட்டியலிடுங்கள். ஒன்று 6.1.0-18-ஏஎம்டி64 என்றும் மற்றது 6.1.0-21-ஏஎம்டி64 என்றும் சொன்னால் காரணம் கிடைத்துவிட்டது. நடுவில் உள்ள அந்த ஓர் எண் போதும், ஒரு மாட்யூலும் ஏறாது. ஒலி வராததும் இதே காரணத்தால் இருக்கலாம். தீர்வு எளிது: சிஹெச்ரூட்டின் 'பூட்' அடைவிலிருந்து விஎம்லினஸ், இனிட்ஆர்டி இரண்டையும் சேர்த்தே ஐஎஸ்ஓ மரத்துக்கு நகலெடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் அடுத்த முறை பூட்டே ஆகாமல் போகலாம். பூட் செய்து பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ள, விஎம்லினஸ் மீது 'ஃபைல்' கட்டளையைக் கொடுங்கள். அது பதிப்பு எண்ணைச் சொல்லிவிடும்.

இரண்டாவது காரணம் ஃபர்ம்வேர், அதாவது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் சிறு நிரல். வைஃபை கார்டுகளில் இதுதான் அதிகம். சில கேபிள் கார்டுகளுக்கும் தேவைப்படும். கர்னல் பதிவுகளை 'டிமெசேஜ்' மூலம் எடுத்து 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்' என்று தொடங்கி 'ஃபெயில்ட் வித் எர்ரர் -2' என்று முடியும் வரி வந்தால், -2க்குப் பொருள் 'அந்தப் பெயரில் கோப்பு இல்லை' என்பதே. நடுவில் கோப்பின் பெயரும் இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் வைஃபை டிரைவர் புதிய பதிப்பு ஃபர்ம்வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். ஆகவே நாலைந்து -2 வரிகள் வந்த பிறகு 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்ற வரி வந்தால் எல்லாம் நலம். மேலே இருக்கும் பிழை வரிகளைப் பார்த்துப் பதற வேண்டாம், கடைசி வரியைப் பாருங்கள்.

டெபியனில் இந்தக் கோப்புகள் 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை', 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', 'ஃபர்ம்வேர்-ஏதெராஸ்' போன்ற தொகுப்புகளில் வருகின்றன. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இவற்றுக்கென்று 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதி இருக்கிறது. முந்தைய பதிப்புக்காக எழுதிய அமைப்பில் 'நான்-ஃப்ரீ' என்று மட்டும் இருந்தால் இந்தத் தொகுப்புகள் கிடைக்காது. 'லைவ்-பில்ட்' என்ற வட்டுக் கட்டுமானக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் 'ஆர்க்கைவ்-ஏரியாஸ்' வரியில் புதிய பெயரைச் சேர்க்க வேண்டும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டால் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' தொகுப்பு வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்பதையும் பாருங்கள். அதை விட்டுவிட்டால் பல வைஃபை டிரைவர்கள் வராது.

வட்டின் அளவைக் குறைக்க ஃபர்ம்வேர் அடைவில் கத்தரி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. என்னைக் கேட்டால், குறைக்க வேறு இடம் தேடுங்கள். வால்பேப்பரையும் மொழிக் கோப்புகளையும் நீக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் பார்த்தே இராத ஒரு மடிக்கணினியின் வைஃபை, நீங்கள் நீக்கிய அந்த ஒரு கோப்பை நம்பி இருக்கலாம்.

மூன்றாவது, சொந்தமாகக் கர்னல் தொகுப்பவர்களுக்கு மட்டும். டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினால், மூலக் கோப்பு முறைமை ஏறும் முன்பே அது ஃபர்ம்வேரைக் கேட்கும். அந்தக் கட்டத்தில் ஸ்குவாஷ்எஃப்எஸ் இன்னும் வரவில்லை. ஃபர்ம்வேர் இனிட்ஆர்டிக்குள் இருந்தாக வேண்டும். மாட்யூலாக வைப்பதே நல்லது. இன்னொன்று: ஃபர்ம்வேர் கோப்புகள் இப்போது பல வெளியீடுகளில் சுருக்கப்பட்டு வருகின்றன. எக்ஸ்இசட் சுருக்கத்தைப் படிக்கும் வசதி கர்னல் 5.3இலும், இசட்எஸ்டி சுருக்கத்துக்கானது 5.19இலும் வந்தன. அந்த வசதியை அணைத்துவிட்டுக் கர்னலைத் தொகுத்தால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் -2 பிழை வரும். கடைசியாக, மாட்யூல்களை வெறுமனே நகலெடுத்து வைத்துவிட்டு 'டெப்மாட்' ஓட்ட மறந்தால், கார்டுக்கு எந்த மாட்யூல் என்பதற்கான பட்டியலே உருவாகியிருக்காது.

அவசரமாக அந்த நேரத்துக்கு மட்டும் இணையம் வேண்டுமானால், கைபேசியை யுஎஸ்பியில் செருகி டெதரிங்கைப் போடுங்கள். அதற்கான மாட்யூல்கள் வட்டில் இருந்தால் புது இடைமுகம் ஒன்று முளைக்கும். காணாமல் போன ஃபர்ம்வேரை அதன் வழியே இறக்கி 'லிப்' அடைவின் 'ஃபர்ம்வேர்' பகுதியில் வைத்து, டிரைவரை 'மாட்ப்ரோப் -ஆர்' மூலம் இறக்கி மறுபடி ஏற்றினால் கார்டு விழித்துக்கொள்ளும். இவை எல்லாம் நினைவகத்தில் மட்டுமே எழுதப்படுகின்றன. கணினியை அணைத்தால் போய்விடும், ஆகவே வட்டின் கட்டுமானத்திலும் அதே திருத்தத்தைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: இடைமுகம் இருக்கிறது, ஆனால் எழவில்லை

'நோ-கேரியர்' என்று காட்டினால் கேபிளையும் எதிர்முனையையும் பாருங்கள், வட்டில் பிழை இல்லை. வைஃபையாக இருந்து, எழுப்பும்போது 'ஆர்எஃப்-கில்' என்று முடியும் பிழை வந்தால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்றால் மடிக்கணினியின் சுவிட்சோ, ஃபங்ஷன் விசையோ, பயாஸ் அமைப்போ தடுக்கிறது. மென்பொருளால் அதைத் திறக்க முடியாது.

அறிகுறி: வைஃபை கார்டு தெரிகிறது, பக்கத்து நெட்வொர்க் ஒன்றும் தெரியவில்லை

'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கட்டளை அந்த இடைமுகத்தை 'அன்அவைலபிள்' என்று சொன்னால் முதலில் 'டபிள்யூபிஏ சப்ளிகன்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர் வைஃபையோடு பேசுவது வழக்கமாக அதன் வழியாகத்தான். பரிந்துரைக்கப்பட்ட தொகுப்புகளை வேண்டாம் என்று சொல்லிக் கட்டும் வட்டுகளில் இப்படிப் பின்னணியில் வேலை செய்யும் தொகுப்புகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

அறிகுறி: ஐபி முகவரி வரவில்லை

169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தாலும் இதே கதைதான். டிஹெச்சிபி (ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் முறை) பதில் வராததால் கணினி தனக்குத் தானே போட்டுக்கொண்ட முகவரி அது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வட்டில் நெட்வொர்க்கை நிர்வகிப்பது யார்? நெட்வொர்க்மேனேஜரா, சிஸ்டம்டி-நெட்வொர்க்டியா, இஃப்அப்டவுனா? ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம், இருவர் இருந்து ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டும் இருக்கலாம்.

டீபூட்ஸ்ட்ராப் (அடிப்படை அமைப்பை ஓர் அடைவில் நிறுவும் கருவி) வழியாக உபுண்டு வட்டு கட்டுபவர்களைப் பிடிக்கும் பிழை ஒன்று உண்டு. நானும் இதில் நேரம் செலவழித்திருக்கிறேன். வைஃபை அழகாக வேலை செய்யும், கேபிள் மட்டும் வேலை செய்யாது. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கொடுத்தால் கேபிள் இடைமுகத்துக்கு நேராக 'அன்மேனேஜ்டு' என்று இருக்கும். நான் முதலில் டிரைவரைத் தேடினேன், பிறகு கேபிளை மாற்றினேன், இரண்டிலும் ஒன்றுமில்லை. காரணம், 'யூஎஸ்ஆர்/லிப்' அடைவில் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி' பகுதிக்குள் இருக்கும் '10-குளோபலி-மேனேஜ்டு-டிவைசஸ்.கான்ஃப்' என்ற சிறு கோப்பு. வைஃபை, மொபைல் மோடம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எதையும் தொடாதே என்று அது நெட்வொர்க்மேனேஜருக்குச் சொல்கிறது. கேபிளை நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) பார்த்துக்கொள்ளும் என்பது அங்கே எண்ணம். ஆனால் உங்கள் வட்டில் நெட்பிளான் கோப்பு எதுவும் இல்லை. ஆகவே கேபிளைக் கவனிக்க யாரும் இல்லை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. 'ஈடிசி' அடைவின் நெட்பிளான் பகுதியில் 'ரெண்டரர்: நெட்வொர்க்மேனேஜர்' என்ற வரியோடு ஒரு கோப்பு வைக்கலாம். அல்லது 'ஈடிசி'யின் கீழ் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி'யில் அதே பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைக்கலாம். அது மற்றதை மறைத்துவிடும். நான் முதல் வழியையே வைத்திருக்கிறேன், பின்னால் படிப்பவருக்கு நோக்கம் புரியும்.

டெபியனில் இதன் இன்னொரு வடிவம் 'ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' கோப்பு. அதில் ஓர் இடைமுகத்தின் பெயர் இருந்தால் வழக்கமான அமைப்பில் நெட்வொர்க்மேனேஜர் அதைத் தொடாது. தயாரித்த கணினியின் கோப்பு அப்படியே வட்டுக்குள் வந்திருந்தால் சிக்கல்தான். 'லோ'வுக்கான வரிகளை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்குங்கள்.

அதே கோப்பில் 'ஈத்0' என்று பெயர் எழுதியிருந்து, உண்மையான பெயர் 'இஎன்பி3எஸ்0' என்று இருந்தாலும் முகவரி வராது. 2013 முதல் சிஸ்டம்டி, கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடுகிறது. ஆகவே கணினிக்குக் கணினி பெயர் மாறும். லைவ் வட்டில் எந்த இடைமுகத்தின் பெயரையும் நேராக எழுதாதீர்கள். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்றால் 'மேட்ச்' பகுதியில் 'இஎன்' என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். நிறுவப்பட்ட பழைய கணினியை அப்படியே வட்டாக்கியவர்கள், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வின் விதிகளில் '70-பெர்சிஸ்டென்ட்-நெட்' என்ற கோப்பையும் தேடி நீக்க வேண்டும். தயாரித்த கணினியின் மேக் முகவரியை அது 'ஈத்0'வுடன் கட்டி வைத்திருக்கும். புதிய கணினியில் கார்டுக்கு 'ஈத்1' என்று பெயர் வந்து, எல்லா அமைப்பும் வீணாகும்.

நிர்வாகி நிறுவப்பட்டிருந்தும் ஓடவில்லை என்றால், சிஹெச்ரூட்டுக்குள் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' கொடுத்திருப்பீர்கள். அங்கே அது செல்லாது, கோரிக்கையைப் புறக்கணிப்பதாகச் சொல்லிவிடும். 'எனேபிள்' மட்டும் அங்கே வேலை செய்யும், ஏனென்றால் அது ஒரு குறியிணைப்பை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை) உருவாக்கும் வேலைதான்.

பிஸிபாக்ஸை (பல கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கியது) வைத்துச் சிறு வட்டு கட்டுபவர்களுக்கு ஒரு தனி அறிகுறி உண்டு. 'யூடிஹெச்சிபிசி' ஓடி 'லீஸ் ஆஃப் 192.168.1.23 அப்டெய்ன்டு' என்று சொல்லும், ஆனால் 'ஐபி அட்ரஸ்' கொடுத்தால் முகவரியே இருக்காது. அந்த நிரல் முகவரியை வாங்கித் தருவதோடு சரி. அதை இடைமுகத்தில் பொருத்துவதும், வெளியேறும் வழியைப் போடுவதும், டிஎன்எஸ் கோப்பை எழுதுவதும் 'டிஃபால்ட்.ஸ்கிரிப்ட்' என்ற தனி ஸ்கிரிப்டின் வேலை. பிஸிபாக்ஸ் மூலநிரலோடு வரும் மாதிரி ஸ்கிரிப்டை 'யூஎஸ்ஆர்/ஷேர்/யூடிஹெச்சிபிசி' அடைவில் வைத்து, இயக்க அனுமதியும் கொடுங்கள்.

அறிகுறி: இரண்டு கணினிகளில் ஒரே வட்டு, ஒரே ஐபி

ஒரு கணினியில் நன்றாக ஓடும், பக்கத்தில் இன்னொன்றைப் பூட் செய்ததும் இரண்டும் தடுமாறும். 'ஈடிசி/மெஷின்-ஐடி' கோப்பில் தயாரிக்கும்போது உருவான எண் அப்படியே தங்கியிருக்கிறது. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அந்த எண்ணிலிருந்துதான் டிஹெச்சிபிக்கான அடையாளத்தை உருவாக்குகிறது. ரவுட்டருக்கு இரண்டும் ஒரே கணினி. ஸ்குவாஷ்எஃப்எஸ் கட்டும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடுங்கள். பூட் ஆகும்போது புது எண் தானாக உருவாகும்.

அறிகுறி: 8.8.8.8க்கு பிங் போகிறது, தளத்தின் பெயர் திறக்கவில்லை

இது டிஎன்எஸ். 'ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்' கோப்பை 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதைப் படிக்கும் முன், அது கோப்பா குறியிணைப்பா என்பதைப் பார்க்க வேண்டும்.

சிஹெச்ரூட்டுக்குள் இணையம் வேண்டும் என்பதற்காக வெளிக்கணினியின் ரிசால்வ்.கான்ஃபை உள்ளே நகலெடுப்பது வழக்கம். உள்ளே ஏற்கெனவே குறியிணைப்பு இருந்தால், இலக்கு இல்லாமல் தொங்கும் இணைப்பு வழியாக எழுத மாட்டேன் என்று 'சிபி' மறுக்கும். உடனே அதை அழித்துவிட்டுச் சாதாரணக் கோப்பாக வைக்கிறோம். வேலை முடிந்ததும் பழையபடி வைக்க மறந்துவிடுகிறோம். இப்போது வட்டில் பூட் செய்து அந்தக் கோப்பைத் திறந்தால் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'நேம்சர்வர் 127.0.0.53'. இது வெளிக்கணினியில் ஓடிய சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்ற உள்ளூர் டிஎன்எஸ் சேவையின் முகவரி. சிஹெச்ரூட் வெளிக்கணினியின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வதால் அங்கே பதில் வந்தது. வட்டிலோ ரிசால்வ்டி நிறுவப்படவே இல்லை. டெபியன் 12 முதல் அது தனித் தொகுப்பு. அந்த முகவரியில் கேட்க ஆளில்லை.

எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கும். குறியிணைப்பு 'ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்' அடைவில் உள்ள கோப்பைச் சுட்டுகிறது, ரிசால்வ்டியோ இல்லை. நெட்வொர்க்மேனேஜர் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ரிசால்வ்.கான்ஃப் சாதாரணக் கோப்பாக இருந்தால் அல்லது இல்லாமலே இருந்தால்தான் அது எழுதும். வேறெங்கோ சுட்டும் குறியிணைப்பாக இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். ரிசால்வ்டி வேண்டுமென்றால் அதை நிறுவி, எனேபிள் செய்து, குறியிணைப்பை வையுங்கள். வேண்டாமென்றால் கடைசிக் கட்டத்தில் ரிசால்வ்.கான்ஃபை முழுதாக அழித்துவிடுங்கள், நெட்வொர்க்மேனேஜர் பூட் ஆனதும் தானே எழுதிக்கொள்ளும். நகலெடுக்கும் முன் பழையதற்கு வேறு பெயர் கொடுத்து வைத்து, முடிந்ததும் திருப்பி வைக்கும் இரண்டு வரிகளை உங்கள் கட்டுமான ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். கையால் செய்கிற வேலை ஒருநாள் விட்டுப்போகும். ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமத்தை 'அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் -எல்எல்' மூலம் பட்டியலிட்டால், வட்டில் எழுதும் முன்பே அந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: பெயர் திறக்கிறது, பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டுகிறது

முதலில் 'டேட்' கொடுங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் இருக்கும், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பிழை வரும். தேதியைக் கையால் வைத்தாலே சரியாகிவிடும். வட்டில் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி அல்லது குரோனி இருந்தால் அதுவும் தேவைப்படாது. தேதி சரியாக இருந்தும் டெர்மினலில் 'கர்ல்' போன்ற எல்லாம் மறுத்தால் 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' தொகுப்பு விட்டுப்போயிருக்கும்.

அறிகுறி: மெய்நிகர் கணினியில் சரி, உண்மையான கணினியில் இல்லை

மெய்நிகர் கணினி கொடுக்கும் நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் 'இ1000' அல்லது 'விர்ட்ஐஓ' வகை. இரண்டுக்கும் ஃபர்ம்வேர் தேவையில்லை, வைஃபை என்ற பேச்சே இல்லை. ஆகவே முகவரி, டிஎன்எஸ், மெஷின்-ஐடி சோதனைகளுக்கு அது போதும். டிரைவருக்கும் ஃபர்ம்வேருக்கும் போதாது.

தலைகீழாகவும் ஏமாறலாம். கியூஈமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் 'யூசர்' நெட்வொர்க் முறையில் வட்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும், ரவுட்டர் 10.0.2.2, டிஎன்எஸ் 10.0.2.3. அந்த முறையில் வெளி முகவரிகளுக்கு பிங் பெரும்பாலும் போகாது, ஆனால் இணையம் நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன வரிசையில் பிங் இடத்தில் நின்றுவிட்டது என்று வட்டைத் திருத்தக் கிளம்பாதீர்கள். அங்கே மட்டும் பிங்குக்குப் பதிலாக 'கர்ல்' கொடுத்து ஒரு பக்கத்தை இறக்கிப் பாருங்கள். இறங்கினால், அடுத்த சோதனையை வேறு நிறுவனத்தின் வைஃபை கார்டு உள்ள ஒரு மடிக்கணினியில் செய்யுங்கள். 'டிமெசேஜ்' முழுவதையும் ஒரு பென்டிரைவில் சேமித்து எடுத்து வாருங்கள்.